குறி பார்க்கும் முன் பையைப் பார்: வாசகர் கேள்வி – பதில்

துப்பாக்கி சுடுதல் போட்டிகளைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். மூச்சை அடக்குவது, விசையை இழுப்பது, குறி பார்ப்பது ஆகியவை குறித்தே கடிதங்கள் குவியும் என்று எண்ணியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை பையைப் பற்றியவை. எனவே இம்முறை முழுக்க முழுக்கப் பையைப் பற்றியே பேசிவிடலாம்.

கேள்வி: பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தால் சுடும் நீள்துப்பாக்கி) பிரிவில் அண்மையில் முதன்முறையாகப் போட்டியிட்டேன். ஒரே பெரிய பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போனேன். சுடுமிடத்தில் குனிந்து பையைக் கிளறிக்கொண்டிருந்ததிலேயே தயாரிப்பு நேரத்தில் பாதி கரைந்துவிட்டது. பொருள்களை எப்படிப் பிரித்து அடுக்க வேண்டும்? – ஒரு புதிய வீரர்

பதில்: உங்கள் பை பெரியதாக இருப்பது குற்றமில்லை. பொருள்களை இனவாரியாகப் பிரிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. துணியெல்லாம் ஓர் அறை, கருவியெல்லாம் ஓர் அறை, சிறு சாமான்களெல்லாம் ஓர் அறை என்று அடுக்கினால் பார்ப்பதற்கு ஒழுங்காகத் தெரியும்; போட்டி நாளிலோ ஒவ்வொரு கட்டத்திலும் எல்லா அறைகளையும் திறக்க நேரிடும். நான் பரிந்துரைப்பது நேரவாரியான பிரிவு. எந்தப் பொருள் எந்த நேரத்தில் கைக்கு வர வேண்டுமோ, அந்த நேரத்திற்கு உரிய பொருள்கள் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

ஐ.எஸ்.எஸ்.எஃப். எனப்படும் பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி நடக்கும் போட்டியில், முதலில் கருவிப் பரிசோதனை, பிறகு உடை மாற்றம், பிறகு சுடுமிடத்தில் 15 நிமிடத் தயாரிப்பும் சரிபார்ப்புச் சுடுதலும், அதன் பிறகு மின்னணு இலக்குகளில் 60 சுடுகளுக்கு 75 நிமிடம் என்று நாள் நகர்கிறது. உங்கள் பையும் இதே வரிசையில் நகர வேண்டும்.

பரிசோதனைக்கு உரியவை முதல் பகுதி: அடையாள அட்டை, போட்டி அட்டை, ஜாக்கெட், கால்சட்டை, காலணி, கையுறை, உள்ளே அணியும் உடை, துப்பாக்கி. இவற்றை மேசையில் வரிசையாக எடுத்து வைக்க முடிந்தால் பரிசோதகருக்கும் எளிது, உங்களுக்கும் பதற்றம் இல்லை. இரண்டாவது பகுதி அணிய வேண்டியவை. அவை பெரும்பாலும் இதே பொருள்கள்தான் என்பதால், பரிசோதனை முடிந்ததும் அணியும் வரிசைக்கு நேர்மாறாகப் பையில் வையுங்கள். முதலில் அணிவது மேலே இருக்கும்.

நீங்கள் நேரத்தை இழந்தது மூன்றாவது பகுதியில், அதாவது சுடும் மேசையில் வைக்கும் பொருள்களில். இவற்றுக்கு முழங்கை நீளமுள்ள, ஆழமற்ற சிறு பெட்டி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெல்லட் எனப்படும் ஈயக் குண்டுகளின் டப்பா, காது அடைப்பான், குறி பார்க்காத கண்ணை மறைக்கும் தகடு, லென்ஸ் துடைக்கும் துணி, குறி பார்க்கும் கருவியான சைட்டின் முன்பகுதிக்கு மாற்று வளையங்கள், சிறு துண்டு, சைட் திருகை எத்தனை கிளிக் எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று குறித்துவைக்கும் கையடக்க நோட்டு, ஒரு பென்சில் ஆகியவை போதும். சுடுமிடத்துக்கு வந்ததும் இந்தப் பெட்டியை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பெரிய பையை மூடிப் பின்னால் தள்ளிவிடுங்கள். பையோ துப்பாக்கிப் பெட்டியோ பொதுவாகச் சுடுபவரின் முன்தோளைத் தாண்டி முன்னால் இருக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. அந்தப் பெரிய பையை மறுபடி திறக்காமல் போட்டியை முடிப்பதுதான் நல்ல அடுக்கலுக்கு அடையாளம்.

பெல்லட் டப்பாவைப் பற்றி ஒரு சொல். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டின் பின்புறப் பாவாடை மிக மெல்லியது. டப்பா பாதி காலியாக இருந்து, வழியெல்லாம் குலுங்கிக்கொண்டு வந்தால், குண்டுகள் ஒன்றோடொன்று மோதி அந்தப் பாவாடை நசுங்கும். கண்ணுக்குப் புலப்படாத நசுங்கல்கூடக் குண்டின் போக்கை மாற்றலாம். மூடியின் உட்புறம் அளவாக வெட்டிய ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை வைத்து, டப்பாவைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். சலசலப்பு கேட்காத வரை ஸ்பாஞ்சைத் தடிமனாக்குங்கள்.

நான்காவது பகுதி பழுதுக்கானது. துப்பாக்கியின் திருகுகளுக்கு ஏற்ற ஆலன் கீகள், சிறு ஸ்க்ரூ டிரைவர், மின்னணு விசை என்றால் மாற்று பேட்டரி, காற்றுக் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம், மாற்றுக் காலணிக் கயிறு, ஊசி நூல், ஜாக்கெட்டுக்கு ஒரு மாற்றுப் பொத்தான், ஒட்டும் டேப். இதில் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு போட்டியில் கன்னம் பதியும் கட்டையின் திருகு தளர்ந்துவிட்டது. என்னிடம் ஏழு ஆலன் கீகள் கொண்ட தொகுப்பு இருந்தது. திறந்து பார்த்தால் ஆறுதான் இருந்தன. இல்லாத ஏழாவதுதான் அந்தத் திருகுக்கு உரியது. அதற்கு முந்தின வாரம் வீட்டில் ஆடிய நாற்காலியை முடுக்குவதற்காக நான் எடுத்தது, நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது. அன்று முதல், துப்பாக்கிக்கு வேண்டிய மூன்றே கீகளைத் தனியாக வாங்கி, ஒவ்வொன்றிலும் சிவப்பு வண்ணம் பூசி, ஒரு தடித்த துணியில் தைத்த மூன்று பொந்துகளில் செருகி வைத்திருக்கிறேன். ஒரு பொந்து காலியாக இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். முழுத் தொகுப்பும் வீட்டுக்கே கொடுத்தாயிற்று.

இந்த அடுக்கலைப் போட்டிக்கு முந்தின இரவு புதிதாகச் செய்யாதீர்கள். பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் இதே பை, இதே பெட்டி, இதே இடம். ஒரு மாதம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு காது அடைப்பானை எடுக்க முயலுங்கள். கை நேராக அங்கே போனால் அடுக்கல் உங்களுடையதாகிவிட்டது.

கேள்வி: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகேச் சாதாரண மூக்குக்கண்ணாடியும் காதடைப்பானும் அணிந்து, ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டே வெள்ளிப் பதக்கம் வென்றார். அப்படியிருக்க, இத்தனை சாமான்கள் எதற்கு? – பிஸ்டல் சுடும் மாணவர்

பதில்: கேள்வியில் குறும்பு இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. அவர் ஷெவ்வால் இலய்தா தர்ஹானுடன் இணைந்து வென்றது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில். பிஸ்டலை ஒரு கையால் மட்டுமே பிடிக்க வேண்டும் என்பதால், மற்றக் கை ஆடாமலிருக்கக் கால்சட்டைப் பையில் விடுவது பிஸ்டல் வீரர்கள் பலரும் செய்வதுதான். ரைஃபிள் வீரருக்கு வேண்டிய விறைப்பான ஜாக்கெட்டோ கால்சட்டையோ பிஸ்டலுக்கு இல்லை. ஆகவே உங்கள் பை இயல்பிலேயே சிறியது.

ஆனால், படத்தில் தெரியாத பொருள்கள் அவருடைய பையிலும் இருந்திருக்கும் என்று துணிந்து சொல்வேன். ஏர் பிஸ்டலின் எடை 1,500 கிராமுக்கு மேல் போகக்கூடாது; விசையின் இழுவிசை 500 கிராமுக்குக் குறையக்கூடாது; பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். இவற்றைப் பரிசோதனையில் அளப்பார்கள். விசை பயணத்தில் சற்று இளகிவிட்டால் அங்கேயே சரிசெய்ய உங்கள் கையில் திருப்புளி இருக்க வேண்டும். காற்று உருளை தீர்ந்தால் மாற்று உருளை வேண்டும். லென்ஸ் போட்ட கண்ணாடியில் ஒரு பொடித் திருகு கழன்றால், அதைத் திருப்பும் சிறு கருவி இல்லாத குறைக்கு எந்த வெள்ளிப் பதக்கமும் ஈடாகாது. கடைசியாகச் சொன்னது என் அனுபவம்.

கருவி கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கே போதும். மகளிர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாயிற்று. சரிசெய்வதற்குள் பல நிமிடங்கள் பறிபோயின. மீதி நேரத்தில் விரைந்து சுட்டு 575 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தில் முடித்தார்; இறுதிச்சுற்றுக்கு எட்டுப் பேர்தான் போக முடியும். மூன்றாண்டு கழித்து அதே பிரிவில் வெண்கலம் வென்றார் என்பது வேறு கதை. எந்தப் பையும் எல்லாப் பழுதையும் தீர்த்துவிடாது. ஆனால் பழுது நேரும்போது தேடும் நேரமாவது மிஞ்ச வேண்டும்.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ரைஃபிள் பயிற்சிக்குச் செல்கிறாள். பையின் கனத்தைத் தூக்க முடியாமல் திணறுகிறாள். எதையெல்லாம் விட்டுவிடலாம்? அவளுக்காக நான் பையை அடுக்கிக் கொடுக்கலாமா? – ஒரு தாய்

பதில்: ஏர் ரைஃபிளின் எடையே 5.5 கிலோகிராம் வரை இருக்க விதி இடம் கொடுக்கிறது. அதற்குமேல் கெட்டியான பெட்டி, ஜாக்கெட், கால்சட்டை, காலணி என்று சேர்ந்தால், வளரும் பிள்ளை ஒரு தோளில் தொங்கவிட்டு நடக்கும் கனம் அல்ல அது. துப்பாக்கிப் பெட்டியைத் தனியாகவும் மற்றவற்றைச் சக்கரம் வைத்த பையிலும் பிரியுங்கள். தோளில்தான் போட வேண்டும் என்றால் இரு தோள்களிலும் மாட்டும் பையாக இருக்கட்டும். போட்டிக்கு முன் ஒரு தோளை மட்டும் வருத்திவிட்டு, பிறகு நின்ற நிலையில் அசையாமல் சுடச் சொல்வது பொருந்தாது.

விட வேண்டியவை: இரண்டாவது முழு டப்பா பெல்லட், துப்பாக்கியைத் துடைக்கும் எண்ணெய்க் குப்பி, வீட்டுப் பராமரிப்புக்கு உரிய நீண்ட தண்டு, எப்போதோ வாங்கி ஒருநாளும் பயன்படுத்தாத கருவிகள், முந்தைய போட்டிகளின் அட்டைகள். ஆறு மாதமாகத் தொடாத பொருள் எதுவாயினும் வெளியே எடுத்துவிடலாம். பழுது பார்க்கும் சிறு உறைக்கு மட்டும் விலக்கு. அதைத் தொடாமல் இருப்பது நல்லதுதான்.

நீங்கள் அடுக்கிக் கொடுக்க வேண்டாம் என்பதே என் பதில். அன்பினால் செய்கிறீர்கள் என்பது தெரியும். ஆனால் சுடுமிடத்தில் அவள் தனியாக நிற்பாள். நீங்கள் பார்வையாளர் இருக்கையில் இருப்பீர்கள். காது அடைப்பான் எங்கே என்று உங்களைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், தாயும் இருக்கையிலிருந்து கையால் சைகை காட்டுவார், நடுவர் முறைப்பார். அவளே அடுக்கட்டும், நீங்கள் பட்டியலைப் படியுங்கள், அவள் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டட்டும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கும்போது அது குண்டில்லாமல் இருப்பதைப் பெரியவர் ஒருவர் தம் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஏர் கன்னுக்கான பாதுகாப்புக் கயிறு குழலின் முழு நீளமும் ஊடுருவி வெளியே தெரிய வேண்டும் என்று விதி சொல்வது இதற்காகத்தான். கயிறு உள்ளே போயிருந்தால் குண்டுக்கு இடமில்லை. பளிச்சென்ற நிறத்தில் உள்ள அந்தக் கயிற்றில் இரண்டு வாங்கி, ஒன்றைத் துப்பாக்கியிலும் மற்றொன்றை மேசைப் பெட்டியிலும் வைக்கச் சொல்லுங்கள். அதிகம் தொலைவது அதுதான்.

கேள்வி: ஜாக்கெட்டை மடித்துப் பையில் திணித்தால் மடிப்பு விழுகிறது, மடிக்காவிட்டால் பையே மூடுவதில்லை. என்ன செய்வது? – ரைஃபிள் வீராங்கனை

பதில்: ஜாக்கெட்டை முதுகின் குறுக்கே மடிக்காதீர்கள். உங்கள் முதுகெலும்பைத் தாங்கும் இடம் அது. அங்கே விழும் மடிப்பு நாளடைவில் ஜாக்கெட்டின் இடுப்பையே உடைத்துவிடும். பொத்தான்களைக் கழற்றி, இரு கைகளையும் உட்புறமாகத் திருப்பி வைத்து, நீளவாக்கில் தளர்வாகச் சுருட்டுங்கள். சுருளின் நடுவே உள்ளாடைகளையும் துண்டையும் வைத்தால் உருளை வடிவம் கெடாது. கால்சட்டையை முழங்காலில் மடக்காமல், பையின் அடியில் நீட்டி விரித்து, அதன்மேல் இந்தச் சுருளை வையுங்கள். காலணிகளுக்குத் தனித் துணிப்பை வேண்டும். சுடும் காலணியின் தட்டையான அடிப்பாகத்தில் ஒட்டிய மண் ஜாக்கெட்டின் தோல் பகுதியில் ஏறினால், துப்பாக்கி பதியும் இடத்தில் வழுக்கும். காலணியை அணிந்துகொண்டே வாகன நிறுத்தத்திலிருந்து நடந்து வருபவர்களையும் பார்க்கிறேன். அடிப்பாகத்தின் விளிம்பு தேய்ந்து உருண்டுவிட்டால் நிற்கும் நிலையே மாறிவிடும்.

விதியில் ஜாக்கெட்டுத் துணியின் தடிமன் ஒற்றையடுக்கில் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. விறைப்புக்கும் வரம்பு உண்டு. இந்த விறைப்பு நாளுக்கு நாள் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குளிரில் துணி விறைக்கும். வியர்வையில் நனைந்தால் தொளதொளக்கும். இரவெல்லாம் குளிர்ந்த வாகனத்தில் கிடந்த ஜாக்கெட்டை நேரே பரிசோதனை மேசைக்குக் கொண்டுபோனால், நேற்று வரை தேறிய உடை இன்று தேறாமல் போகலாம். முந்தின இரவே அறைக்குள் கொண்டுவந்து, அகலமான ஹேங்கரில் மாட்டிவிடுங்கள்.

போட்டி முடிந்த கையோடு அவசர அவசரமாகப் பையில் திணிக்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. போட்டிக்குப் பின்னும் சிலரைத் தேர்ந்தெடுத்து உடையையும் கருவியையும் மறுபடி சோதிப்பார்கள். அதில் தவறினால் சுட்ட புள்ளிகள் அத்தனையும் போய்விடும். துப்பாக்கியைச் சுடுகளத்தை மேற்பார்க்கும் ரேஞ்ச் அதிகாரி பார்த்து, குண்டில்லை என்று உறுதிசெய்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். ஜாக்கெட் ஈரமாக இருந்தால் பையின் ஜிப்பைத் திறந்தே எடுத்துச் சென்று, வீட்டில் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் தோல் பகுதிகள் சுருங்கும்.

கேள்வி: நான் ஐ.பி.எஸ்.சி. எனப்படும் பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி நடக்கும் பிராக்டிகல் ஷூட்டிங் (களத்தில் நகர்ந்துகொண்டே விரைந்து சுடும்) போட்டிகளில் கலந்துகொள்கிறேன். ஒலிம்பிக் பிரிவுகளுக்குச் சொல்லும் அதே அடுக்கல் எனக்கும் பொருந்துமா? – கைத்துப்பாக்கி வீரர்

பதில்: பொருந்தாது. உங்கள் பையை முதலில் தீர்மானிக்க வேண்டியது வசதி அன்று, தகுதிநீக்கம் பற்றிய அச்சம். உங்கள் போட்டியில், ரேஞ்ச் அதிகாரியின் கட்டளையின்றித் துப்பாக்கியைக் கையாளலாம் என்று அனுமதிக்கப்பட்ட இடம் பாதுகாப்புப் பகுதி மட்டுமே. அதே பாதுகாப்புப் பகுதியில் தோட்டாவைக் கையில் எடுப்பது, அது போலித் தோட்டாவாக இருந்தாலும், போட்டியிலிருந்தே உங்களை வெளியேற்றிவிடும். இரண்டு விதிகளும் மோதுகிற இடம் பைதான். துப்பாக்கிக்கு அருகில் உள்ள அறையில் நிரப்பிய மேகசின் (தோட்டா நிரப்பும் கூடு) இருந்தால், துப்பாக்கியை ஹோல்ஸ்டர் எனும் இடுப்பு உறையில் மாட்டுவதற்காகப் பாதுகாப்புப் பகுதியில் பையைத் திறக்கிற நீங்கள் பழக்கத்தில் அதையும் எடுத்துவிடுவீர்கள். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. கை தானாகப் போகிறது.

ஆகவே துப்பாக்கிக்கு ஜிப் வைத்த தனிச் சிறு உறை. அதற்குள் துப்பாக்கியைத் தவிர ஒரு துணித்துண்டுகூட இருக்க வேண்டாம். பாதுகாப்புப் பகுதிக்கு அந்த உறையும் இடுப்பு பெல்ட்டும் மட்டும் போகட்டும். பெரிய பையை வெளியிலேயே வைத்துவிடுங்கள். தோட்டாவும் மேகசினும் பையின் மறுகோடியில், வேறு பக்கத்து ஜிப்பில். கண்ணாடியும் காதுக் காப்பும் எல்லாவற்றுக்கும் மேலே, பையைத் திறக்காமலே எடுக்கக்கூடிய வெளிப்பையில்; ஏனெனில் ரேஞ்சுக்குள் நுழையும் கணமே அவை வேண்டும்.

மேகசின்களின் அடிப்பாகத்தில் மார்க்கரால் எண் இடுங்கள். நான்காம் எண் மேகசினில் தோட்டா சிக்கியது என்று தெரிந்தால் அதை மட்டும் ஒதுக்கலாம். எண் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியதுதான். மண்ணில் விழுந்து எழும் மேகசினைத் துடைக்க நீண்ட தூரிகை ஒன்று, கை துடைக்க ஒரு துண்டு. தோட்டாக்களின் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. குறுகிய களத்துக்கு 12, நடுத்தரத்துக்கு 24, நீண்டதற்கு 32 என்பவை தேவைப்படும் சுடுகளின் உச்சவரம்பு. தவறியவற்றுக்கு மறுபடி சுடுவீர்கள், மறுஓட்டம் கிடைக்கலாம், வேகம் அளக்கும் குரோனோகிராஃப் சோதனைக்குச் சில தோட்டாக்கள் போகும். போட்டி அறிவித்த குறைந்தபட்ச எண்ணிக்கையோடு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக எடுத்துச் செல்வது என் வழக்கம்.

ஷாட்கன் வீரர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப், ஸ்கீட் இரண்டிலும் தகுதிச்சுற்று 125 இலக்குகள், 25 வீதம் ஐந்து சுற்று. ஆகவே தோட்டாக்களைப் பெரிய பெட்டியிலிருந்து சுற்றுவாரியாகப் பிரித்து எண்ணி வைப்பதே உங்கள் அடுக்கலில் முக்கால் பங்கு. மீதி, வெளிச்சத்துக்கு ஏற்ற நிற லென்ஸ்களும் சோக் எனும் குழல்முனைக் குறுக்கியை மாற்றும் சாவியும்.

கேள்வி: விமானத்தில் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறேன். எதைப் பெட்டியில் வைப்பது, எதைக் கையோடு எடுத்துச் செல்வது? – ஏர் ரைஃபிளும் 50 மீட்டர் ரைஃபிளும் சுடுபவர்

பதில்: ஆவணங்களைத்தான் முதலில் அடுக்க வேண்டும். துப்பாக்கியின் உரிமம், அதன் வரிசை எண், போட்டி அழைப்பு, விமான நிறுவனத்தின் முன் அனுமதி ஆகியவற்றின் இரண்டு நகல்கள் ஒரே உறையில், உங்கள் உடம்பை விட்டு நீங்காத பையில் இருக்கட்டும். வரிசை எண்ணைப் பார்ப்பதற்காகப் பூட்டிய பெட்டியை நடைபாதையில் திறக்கும் நிலை வரக்கூடாது. துப்பாக்கி குண்டின்றி, பூட்டக்கூடிய கெட்டிப் பெட்டியில், சரக்கறையில் போக வேண்டும்.

50 மீட்டருக்கான .22 தோட்டாக்களைப் பொறுத்தவரை, ஐ.ஏ.டி.ஏ. எனும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் ஆபத்தான பொருள்கள் விதிப்படி ஒருவர் மொத்தம் 5 கிலோகிராம் வரை, விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு, சரக்குப் பெட்டியில் மட்டும் கொண்டுபோகலாம். உறையின் எடையும் இதில் சேரும். இருவர் பங்கை ஒரே பெட்டியில் சேர்த்து வைக்கக்கூடாது. அணியாகப் போகும்போது எல்லாரும் செய்கிற பிழை இது. சில நாடுகளும் நிறுவனங்களும் இதைவிடக் கடுமையாக இருக்கும் என்பதால் புறப்படும் முன் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். ஏர் ரைஃபிள் பெல்லட்டில் வெடிமருந்து இல்லை; அது வெறும் உலோகம். ஆனாலும் ஸ்கேனரில் அதன் உருவத்தைப் பார்த்து யாரும் கேள்வி கேட்காமல் இருக்க மாட்டார்கள். அதையும் சரக்குப் பெட்டியிலேயே வையுங்கள்.

காற்று உருளையை முழுவதும் காலிசெய்து, துப்பாக்கியிலிருந்து கழற்றி, காலி என்று கண்ணால் பார்த்து அறியும்படி வைக்க வேண்டும். சேருமிடத்தில் நிரப்ப உங்கள் உருளைக்கு உரிய அடாப்டர் மறக்கக்கூடாதது. அது மற்றவரிடம் இருக்கும், ஆனால் உங்கள் உருளைக்குப் பொருந்தாது. உருளையின்மேல் பொறித்த நாளையும் பாருங்கள். காலாவதியாகாத உருளையாக இருக்க வேண்டியது வீரரின் பொறுப்பு என்று விதி சொல்கிறது. தரைவழிப் பயணம் என்றால், நிரப்பிய உருளையை வெயிலில் நிற்கும் மூடிய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பியது, உள்ளே 60 பாகை ஆனால் ஏறத்தாழ 223 பாருக்கு ஏறும்.

கையோடு எடுத்துச் செல்ல வேண்டியவை ஜாக்கெட், கால்சட்டை, காலணி, கையுறை, சுடும் கண்ணாடி. துப்பாக்கியை விட்டுவிட்டுத் துணியைப் போற்றுவதா என்று கேட்பீர்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேத்யூ எமன்ஸ் 50 மீட்டர் படுத்த நிலைப் பிரிவில் தங்கம் வென்றது இரவல் வாங்கிய ரைஃபிளால்; அவருடைய சொந்தத் துப்பாக்கியை அதே ஆண்டில் முன்னதாக யாரோ சேதப்படுத்திவிட்டிருந்தார்கள். துப்பாக்கியை இரவல் வாங்கலாம். தோளில் பதியும் தகட்டையும் கன்னம் பதியும் கட்டையையும் திருகி உங்கள் அளவுக்குக் கொண்டுவரலாம். உங்கள் உடம்பின் அளவுக்குத் தைத்த ஜாக்கெட்டை யார் இரவல் கொடுப்பார்? சரக்குப் பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும் நீங்கள் நிற்க முடிய வேண்டும். ரைஃபிளின் கட்டை, பின்சைட், கைத்தாங்கி எல்லாம் எந்த அளவில் இருந்தன என்பதை மில்லிமீட்டர் கணக்கில் எழுதிய தாளும் ஒளிப்படங்களும் அந்தக் கைப்பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: பசிக்கும்போது சாப்பிட ஏதாவது பையிலேயே வைத்துக்கொள்ளலாமா? – பயிற்சி மாணவி

பதில்: வைத்துக்கொள்ளலாம், வேறு பையில். பெல்லட்டும் தோட்டா முனையும் ஈயம். அதன் பொடி உங்கள் விரலிலும் துண்டிலும் பையின் உட்புறத்திலும் படிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது என்பதால் இல்லை என்று ஆகாது. தண்ணீர்ப் புட்டியும் தின்பண்டமும் தனித் துணிப்பையில், மூடியுடன் கூடிய டப்பாவில் இருக்க வேண்டும். உண்ணுமுன் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவ வேண்டும். மேசைப் பெட்டியில் வைக்கும் துண்டால் வாயைத் துடைக்காதீர்கள். பெல்லட்டை எளிதாக எடுப்பதற்காகச் சிலர் உதட்டில் வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: சரிபார்ப்புப் பட்டியலைக் கைபேசியில் வைத்துக்கொள்வதா, தாளில் எழுதுவதா? எப்போது பையை அடுக்கத் தொடங்க வேண்டும்? – மீண்டும் போட்டிக்குத் திரும்பும் வீரர்

பதில்: தாளில். சுடுமிடத்தில் வீரர் கைபேசியைப் பயன்படுத்த விதி அனுமதிப்பதில்லை. அது அங்கே கையில் இருப்பதே தொல்லை. அஞ்சலட்டை அளவுள்ள தாளில் பென்சிலால் எழுதி, பையின் மூடிக்கு உட்புறம் ஒரு கண்ணாடித்தாள் உறையில் செருகிவிடுங்கள். திறக்கும்போதும் மூடும்போதும் அது கண்ணில் படும். நீங்கள் இடைவெளிக்குப் பின் திரும்புவதால், பழைய பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நடப்பு விதிநூலோடு உங்கள் உடைகளையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். அளவுகளும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பவை.

எப்போது தொடங்குவது என்பதற்கு என் பதில் சற்று விசித்திரமாகத் தோன்றலாம்: முந்தைய போட்டி முடிந்த மாலையில். அன்று எது குறைந்தது, எது தேய்ந்தது, எந்த ஜிப் சிக்கியது என்பது அன்றுதான் நினைவில் இருக்கும். இரண்டு நாள் கழிந்தால் புள்ளிகள் மட்டுமே நினைவில் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் பையை முழுவதும் தரையில் கவிழ்த்து, ஈரத்தை உலர்த்தி, பெல்லட் டப்பாவை நிரப்பி, நீண்ட நாள் சுடப்போவதில்லை என்றால் மின்னணு விசையின் பேட்டரியைக் கழற்றி வைத்து, எல்லாவற்றையும் மறுபடி அதனதன் இடத்தில் வையுங்கள். வாங்க வேண்டிய பொருள் ஏதேனும் இருந்தால் அதன் பெயரைத் தாள்துண்டில் எழுதி, அது இருக்க வேண்டிய பொந்திலேயே செருகிவிடுவேன். போட்டிக்கு முந்தின இரவு எனக்கு எஞ்சும் வேலை, எந்தப் பொந்திலும் தாள் இல்லை என்று பார்ப்பதுதான்.